ஓலை சமைத்த சர்க்கரை

உடன்குடிப் பக்கத்துப் பனையேறி விடியும் முன்பே மரத்தில் இருப்பார். அவர் இறக்கும் பதநீரின் இனிப்பு ஓலையில் பிறந்தது. வேர் உறிஞ்சிய தண்ணீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வெயிலின் பலத்தால் சர்க்கரையாக்குகிறது பச்சை ஓலை. கொஞ்சம் மரத்தின் அன்றாடச் செலவுக்கு, கொஞ்சம் பாளைக்கு.

பாளை நுனியைச் சீவினால், பூவுக்கும் நுங்குக்கும் போகவேண்டிய சர்க்கரை கலயத்தில் சொட்டுகிறது. உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்.

பெண் பனையில் சீவாமல் விட்ட பாளை காய்த்துப் பழுக்கிறது. அதன் கொட்டை முளைக்கும்போது சத்தெல்லாம் கிழங்கில் மாவாகச் சேர்கிறது. பொங்கலுக்கு அவிக்கும் பனங்கிழங்கு, குட்டிப் பனைக்குத் தாய்மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.

பனையேறியின் மகன் மரமேறுவதில்லை. ஏற ஆளில்லாத பனைகள் செங்கல் சூளைக்கு விறகாகின்றன. மறுபடி ஒன்று வளர்ந்து பாளை விட 15 ஆண்டுகள்கூட ஆகும்.