ஆகஸ்டில் பார்த்த வீடு

புலம்பெயர்ந்த நம்மவர்கள் பதுளைக்கு வீடு பார்க்க வருவது பெரும்பாலும் ஆகஸ்டில்தான். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறைக் காலம் அது. ஊவாவிலோ அது வறண்ட பருவம். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து உலர்ந்த காற்றாக இப்பக்கம் இறங்குகிறது. அப்போது எந்தச் சுவரைத் தொட்டாலும் காய்ந்தே இருக்கும். எஞ்சிய கறையைப் புது வர்ணம் மறைத்துவிடும். பதுளையின் பெருமழையோ ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீள்வது.

தோட்ட லயத்தில் பிறந்து இலண்டனில் குடியேறிய நண்பர் ஒருவர், பெற்றோருக்காக நகரை அண்டிய சரிவில் வீடு வாங்கினார். ஆகஸ்டில் பார்த்தார், செப்டெம்பரில் உறுதி எழுதினார். டிசம்பரில், வெட்டிய மண்மேட்டோடு ஒட்டியிருந்த பின்சுவரில் கரும்பூஞ்சணம் படர்ந்தது. ஆஸ்துமாவால் அவதியுறும் தாயார் அறையை விட்டு முன்கூடத்தில் படுக்கிறார். “லயத்தில அடுப்புப் புகையாவது இருந்துச்சு தம்பி, சுவரு காஞ்சுது” என்றார் என்னிடம். மகனின் இருபது ஆண்டு உழைப்பு அந்தச் சுவருக்குள் இருக்கிறது.

இது அழகு சார்ந்த குறை அன்று. இங்கிலாந்தின் ரொச்டேலில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் மரணத்துக்கு, வீட்டுப் பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவுசெய்தது.

மண் தாங்கிய நீர் சுவருக்குள் ஊறுகிறது. உள்ளே எத்தனை பூச்சுப் பூசினாலும் பயனில்லை. வெளியே மண்ணுக்கும் சுவருக்கும் இடைவெளியும் வடிகாலும் வேண்டும். மேலும், ஈரம் சுமந்த மேடு சுவரைக் கறையாக்குவதோடு நின்றுவிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டமெங்கும் சரிந்ததும் நீரேறிய மண்தான்.

ஆகவே, சரிவில் வீடு வாங்குவோர் அந்நிலம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் முதலில் விசாரியுங்கள். பிறகு டிசம்பரில் வந்து பாருங்கள். இயலாதெனில், அடைமழை நாளொன்றில் உறவினர் ஒருவரை அனுப்புங்கள். அலுமாரியை நகர்த்திப் பின்சுவரைப் பார்க்கட்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கையை வைக்கட்டும், அயல்வீட்டாரிடம் பேசட்டும். உறுதி எழுதுவது நான்கு மாதம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.