குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஆயிரம் ஓம்

மயிலாப்பூரில் என் சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்த நாட்களில், பங்குனிப் பெருவிழா வந்தால் அவருடன் ஏணி தூக்கிக்கொண்டு மாட வீதிகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவேன். எட்டாம் நாள் அறுபத்துமூவர். அன்று எந்த மூலையில் நின்றாலும் ஒலி கேட்க வேண்டும் அவருக்கு.

இலட்சிய மின்மாற்றியில் மின்தடை, சுற்று விகிதத்தின் இருமடியில் மாறும் என்பது எனக்கு மனப்பாடம். ஏன் இருமடி என்பது மட்டும் பிடிபடவே இல்லை. பிடிபட வைத்தது ஒவ்வொரு குழாயின் பின்னாலும் இருக்கும் சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மர்தான்.

குழாய் 8 ஓம். தெருக்கோடி வரை போய்வரும் ஒயரின் தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கொடுத்தால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே சூடாகிப் போகும். வோல்ட்டை ஏற்றினால் அதே வாட்டுக்கு ஆம்பியர் குறையும், ஒயரின் சூடும் குறையும். அதனால்தான் 100 வோல்ட் லைன்.

"டேய், குழாய்க்கு 10 வாட். லைன் 100 வோல்ட். மீதியை நீ போடு" என்றார் சித்தப்பா.

100 வோல்ட்டில் 10 வாட் என்றால் 0.1 ஆம்பியர். அப்படியானால் 1000 ஓம். இழப்பில்லாத மின்மாற்றி அதே 10 வாட்டை 8 ஓமுக்குக் கொடுக்கிறது. அங்கே ஏறக்குறைய 9 வோல்ட், 1.1 ஆம்பியர். வோல்ட் 11 மடங்குக்குச் சற்று மேல் இறங்குகிறது, ஆம்பியர் அதே அளவு ஏறுகிறது. மின்தடை, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது. ஆகவே அந்த மடங்கு இரண்டு முறை சேர்கிறது. 8 ஓம் 125 மடங்காகி 1000 ஆனது இப்படித்தான். வாட் மாறாததால்தான் இருமடி!

முதன்மைச் சுருளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆயிரத்துக்கு வெகு கீழே காட்டியது. மீட்டர் அனுப்புவது நேர்மின்னோட்டம். அதற்குத் தெரிவது சுருளின் செம்புக் கம்பி மட்டும். அந்த 1000 ஓம் எந்தக் கம்பியிலும் கிடையாது. பாட்டு ஓடும்போது ஆம்ப்ளிஃபயர் உணரும் தடை அது.

125 வாட் ஆம்ப்ளிஃபயர், தடை 80 ஓம் வரை இறங்கினால் தாங்கும். பத்துக் குழாய் இணையாகச் சேர்ந்தால் 100 ஓம், கவலையில்லை. பதின்மூன்று என்றால் 77. சித்தப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

மாணவர்களே, மின்மாற்றிக் கணக்கில் மின்தடை கேட்டால் சூத்திரத்தைத் தேடாதீர்கள். முதலில் வாட்டை எழுதுங்கள்.