மலைமேல் ஓர் ஆங்கில மாளிகை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

ஏற்காடு என்றதும் நண்பர்களுக்கு ஏரியும் படகும்தான் நினைவுக்கு வரும். சென்ற ஆண்டு வகுப்பில் என் ஊர் கொட்டச்சேடு என்று சொன்னதும், 'குளுகுளு ஊர்க்காரன்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவன், "உங்கள் மலையில் வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை வீடு ஒன்று இருக்கிறதாமே, அதைப் பற்றிச் சொல்லேன்" என்றபோது விழித்தேன். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. அந்த வெட்கம்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

அவன் கேட்டது கிரேஞ்ச் என்னும் மாளிகையை. ஏற்காட்டின் மிகப் பழைய கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை தமக்கென்று கட்டிக்கொண்டது. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 'கிரேஞ்ச்' என்றால் ஆங்கிலத்தில் களஞ்சியத்தோடு கூடிய பண்ணை வீடு. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பிரபுக்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். நடுவில் மாளிகை, சுற்றிலும் நிலம், அந்த நிலத்தின் வருவாயில் மாளிகையின் வாழ்வு. அந்த ஏற்பாட்டைத்தான் துரை இங்கே இறக்கி வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. கோதுமைக்குப் பதில் காப்பி, அவ்வளவுதான்.

1857இல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, இந்த வீட்டுக்குக் கோட்டைபோலக் கொத்தளம் எழுப்பி, பீரங்கிக்கு இடம் செய்து, நிலவறையில் ஆறு மாதத்துக்கு வேண்டிய உணவைச் சேர்த்தார்களாம். அக்காலத்து இங்கிலாந்தில் மாளிகைக்குக் கொத்தளம் வைப்பது பெரும்பாலும் அழகுக்காக. இங்கேயோ அச்சத்துக்காக! கிளர்ச்சி இந்த மலையை எட்டவே இல்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் யார் தின்றார்களோ!

மலைத் தோட்டத்துப் பழைய பங்களாக்கள் பாதி இங்கிலாந்து, பாதி நம் நாடு. 'பங்களா' என்ற சொல்லே வங்காளத்துக் குடிசையிலிருந்து வந்தது. கணப்பு அடுப்பும் கூரைமேல் புகைபோக்கியும் குளிர்நாட்டு வழக்கம். சுற்றி ஓடும் தாழ்வாரம் நம் வெயிலுக்கும் மழைக்கும். மங்களூர் ஓடு பின்னால் வந்தது. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல்தான்.

தாவரவியல் மாணவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. வீட்டை மட்டுமா கொண்டுவந்தார்கள்? ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியையும் அல்லவா கொண்டுவந்திருக்கிறார்கள்! சிறுவயதில் நான் காடு என்று எண்ணி விளையாடிய இடமெல்லாம் ஒருவர் வரிசை பிடித்து நட்டது என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே உணர்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் ஆவலோடு படித்தேன். நான் படித்த பக்கங்களில் வீட்டைக் கட்டுவித்தவர் பெயர் இருந்தது. கல் சுமந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஆயாவைக் கேட்டேன். (பாட்டியை நாங்கள் ஆயா என்போம். பங்களாக்களில் அது பிள்ளை வளர்ப்பவளுடைய வேலையின் பெயர்.) ஆயா கிரேஞ்சுக்குள் போனதில்லை. ஆனால் சிறுமியாக இருந்தபோது, தன் தாயோடு வேறொரு தோட்டத்துப் பங்களாவுக்கு விறகு கொண்டுபோவாராம்.

"உள்ளே எப்படி இருக்கும், ஆயா?"

"உள்ள யாருடா விட்டா? சமையக்கட்டு வாசல்ல போட்டுட்டு வந்துருவோம். தூரத்துல வந்து திரும்பிப் பாத்தா கூரைமேல பொகை போவும். நாங்க கொண்டுபோன வெறகுதான்."

நோட்டை எடுத்தேன். ஆயா விரலால் காட்டக் காட்ட, அந்தப் பங்களாவைக் கோடுகளாக வரைந்தேன். தனியே நிற்கும் சமையற்கட்டு, விறகுக் கொட்டகை, பழைய குதிரை லாயம், கோழிக்கூண்டு, பின்கட்டில் மூன்று படி. மூன்றாவது படி உடைந்திருந்ததுகூட ஆயாவுக்கு நினைவிருந்தது. முன்பக்கம் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"ரோசாச் செடி இருந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும்" என்றார்.

எந்த இடத்தில் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அதை நான் வரையவில்லை.