பெயர் தங்கியிருக்கும் தாள்

லண்டன் சவுத் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டைனோசர்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் போனது ஒரு கீழாநெல்லிப் பெயரைத் தேடி. எங்கள் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் கூடங்களின் பின்புறம், நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் தானாக முளைத்து நிற்கும் செடி அது. காமாலை கண்டவருக்கு வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். பாடப்புத்தகத்தில் அதன் விஞ்ஞானப் பெயராக நான் படித்தது ஃபில்லாந்தஸ் நிரூரி. அந்தப் பெயருக்கு ஆதாரமான தாள் இங்கே இருக்கிறது என்று அறிந்ததிலிருந்தே இந்தப் பயணம் மனதில் இருந்தது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டுதான் போனேன்.

உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். நான் கேட்ட தாள் ஜார்ஜ் கிளிஃபர்ட் என்ற டச்சுச் செல்வந்தரின் தொகுப்பைச் சேர்ந்தது. 1730களில் இளைஞரான தாவரவியலாளர் லின்னேயஸ் அவருடைய தோட்டத்தில் தங்கி, அங்குள்ள செடிகளை வரிசைப்படுத்தினார். அந்தத் தொகுப்பின் தாள்கள் பலவற்றில் ஒரு அழகான வழக்கத்தைப் பார்த்தேன். செடியின் அடித்தண்டு முடியும் இடத்தில், அச்சடித்த காகிதப் பூச்சாடி ஒன்றை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன்னால் உலர்ந்துபோன செடி, நேற்று யாரோ சாடியில் செருகி வைத்ததைப் போல நிற்கிறது. பழுப்பேறிய சின்னஞ்சிறு இலைகள். மூச்சுக்காற்று பட்டால் உதிர்ந்துவிடுமோ என்று பயந்து தள்ளியே நின்றேன்.

ஒரு செடிக்குப் பெயர் வைத்து, விளக்கம் எழுதினால் மட்டும் போதாது. இந்தப் பெயர் இந்த மாதிரிக்கே உரியது என்று ஒரே ஒரு மாதிரியைச் சுட்டிக்காட்ட வேண்டும். அதுதான் டைப். அது அந்த இனத்திலேயே சிறந்த செடியாகவோ முழுமையான செடியாகவோ இருக்க வேண்டியதில்லை. முறிந்த கிளையாக இருந்தாலும் பெயர் அதோடுதான் போகும். புதிய இனங்களுக்கு 1958 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். லின்னேயஸ் காலத்தில் இந்த விதி கிடையாது. அவர் பார்த்த தாள்கள், படங்களிலிருந்து ஒன்றைப் பின்னால் வந்தவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு லெக்டோடைப் என்று பெயர். அவர் சூட்டிய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு இப்படி ஆதாரம் தேடும் வேலையை இந்த அருங்காட்சியகம் 1981இல் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய சார்லி ஜார்விஸின் பெரிய நூல் 2007இல்தான் வந்தது. ஒரு மனிதர் ஒரு ஆயுளில் வைத்த பெயர்களுக்கு வேர் தேடவே கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

கீழாநெல்லிக்கு வருவோம். 1753இல் லின்னேயஸ் நிரூரி என்று எழுதியபோது, இந்தியச் செடியையும் அமெரிக்கச் செடியையும் ஒரே பெயரின் கீழ் சேர்த்துவிட்டார். மலபார் செடிகளைப் பற்றி ரீடு வெளியிட்ட நூலின் படமும் அதில் அடக்கம். ஆனால் பெயருக்கு ஆதாரமாக நின்ற தாளில் இருப்பது மேற்கிந்தியத் தீவுகளின் செடி. 1950களில் கிரேடி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இதைத் தெளிவாக்கினார். பெயர் தாளோடு போயிற்று; நம் கொல்லையில் முளைப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ். அந்தப் பெயரோ ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையில் சேகரித்த செடியை வைத்து 1827இல் சூட்டப்பட்டது.

பெயர்தானே, எதுவானால் என்ன என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்கும் அவருடைய சகாக்களும் அந்தக் கிருமிக்கு எதிராக இந்தச் செடி தரும் பலனைப் பற்றி 1987இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இருந்த பெயர் நிரூரி. மறு வருடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவோடு அவரும் சேர்ந்து லான்செட் இதழில் எழுதியபோது தலைப்பில் இருந்தது அமாரஸ். பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எந்தச் செடியைக் கொடுத்தோம் என்பது உறுதியாக இருந்தால்தான் ஒரு சோதனையை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியும். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு, அந்தப் பூச்சாடித் தாளும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே அருங்காட்சியகத்தில்தான் ஹான்ஸ் ஸ்லோன் சேர்த்த உலர்செடித் தொகுப்பின் 265 பாகங்களும் இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டையில் 1690களில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் அனுப்பிய சென்னைச் செடிகளுக்கும் அவற்றில் இடமுண்டு. அவர் அனுப்பியவற்றின் பட்டியல் லண்டனில் அச்சேறியபோது, நம் ஊர்ப் பெயர்களையும் ரோமன் எழுத்தில் சேர்த்தார்கள். மேலாநெல்லிக்கும் முசுமுசுக்கைக்கும் விஞ்ஞானப் பெயரில் மதராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரின் பெயர் மாறியது. செடியின் பெயரில் அது மாறாது.

அடுத்து கியூ தாவரவியல் பூங்கா. அங்குள்ள ஹெர்பேரியத்தின் பழைய கூடத்தில் இரும்புத் தூண்களும் சிவப்பு வர்ணம் பூசிய சுழல் படிக்கட்டுகளும் மாடி மாடியாக மேலேறுகின்றன. சுற்றிலும் மர அலமாரிகள். ஏறக்குறைய எழுபது லட்சம் மாதிரிகள். தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த மிஷனரி ராட்லர் சேர்த்த செடிகளும் லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாக இங்கேதான் வந்து சேர்ந்தன. தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர். சொல்லையும் செடியையும் ஒரே பொறுமையோடு சேர்த்த அந்த மனிதரை நினைத்து, அலமாரி முன்னால் கைகூப்பத் தோன்றியது.

அவருடைய சகாவான க்ளைன், கீழாநெல்லியின் நெருங்கிய உறவான இன்னொரு செடியை பெர்லினுக்கு அனுப்பினார். 1805இல் தாவரவியலாளர் வில்டெனோ அதை ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் என்று வெளியிட்டார். 1943 மார்ச் 1 இரவு விழுந்த குண்டுகளில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்து போனது. டைப் அழிந்த பெயர்கள் பலவற்றுக்கு வேறு ஊர்களில் பிரதிகளைத் தேட வேண்டியதாயிற்று. அதுவும் கிடைக்காவிட்டால் நியோடைப் என்று புதிதாக ஒன்றை நியமிக்க வேண்டும். வில்டெனோவின் தொகுப்பை மட்டும் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அது தப்பியது.