இரவில் வரும் ஐயங்கள்

கல்லூரியில் பாடம் நடத்தும் என்னிடம் மாணவ மாணவியர் தம் ஐயங்களை இப்போது கைப்பேசி வழியாகவே கேட்கின்றனர். மாணவர்களின் கேள்விகள் மாலையிலேயே வந்துவிடும். மாணவியர் சிலருடையவையோ இரவு 11 மணிக்குப் பிறகே வரும். காரணம் என்ன? வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. தந்தையும் தமையனும் பயன்படுத்திய பின்னரே அது மகளின் கைக்கு வருகிறது. மறுநாள் முதல் வகுப்பிலேயே அவள் கண்ணயர்கிறாள்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டு, பின்னர் வகுப்புகள் இணையத்திற்கு மாறியபோதே இந்நிலையைக் கண்டேன். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு நடந்தால், வருகைப் பதிவில் விடுபட்டது தங்கையின் பெயரே. 2021 ஜனவரியில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவு இலவசமென அறிவித்தது. தரவை அரசு தரலாம். கைப்பேசியை மகளிடம் கொடுக்க வேண்டியவர்கள் பெற்றோரல்லவா?

கைப்பேசி பெண்ணைக் கெடுத்துவிடுமென அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் மகனைக் குறித்தும் எழ வேண்டுமன்றோ? சிந்தித்துப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில், அனைவர் கண்முன்னே, மாலையில் இரண்டு மணி நேரத்தையேனும் அவளுடைய படிப்புக்கென ஒதுக்கிக் கொடுங்கள்.