மெல்லிய நூலும் ஓர் உயிரும்

தேவதானப்பட்டியில் கடல் இல்லை. கொடைக்கானல் மலைச்சரிவில் தலையாறு அருவியாக விழுந்து இறங்கும் மஞ்சளாறு, அடிவாரத்து அணையில் தங்கி, எங்கள் வயல்களையும் தோப்புகளையும் நனைத்துவிட்டு வைகையில் கலக்கிறது. வைகையோ இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நிறைத்து, அதற்குப் பின்னும் மிஞ்சுகிற ஆண்டுகளில் மட்டும், ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைத் தொடுகிறது. அந்தக் கரையோரத்தில்தான் என் மனைவியின் பிறந்தகம். “நம்ம ஊர்த் தண்ணி போய்ச் சேருற இடத்துலதான் சம்பந்தம் வச்சிருக்கோம்” என்று அத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்.

என் மச்சினன் துபாயில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக் கற்களின் மேல் நின்று தூண்டில் வீசும் நம்மவர்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஊர் திரும்பியபோது அவர் இரண்டு மெல்லிய ராடுகளையும், சுழல் ரீல்களையும், ஒரு பெட்டி நிறைய ரப்பர் மீன்களையும் கொண்டுவந்தார். பெருநாள் விடுமுறைக்குப் போயிருந்த என் மகனுக்கு அவை புதையலாயின. மாமனும் மருமகனும் சுபுஹு தொழுத கையோடு சிறிய நாட்டுப்படகில் கிளம்பிவிடுவார்கள். மூன்றாம் நாள் நானும் உடன் சென்றேன்.

அந்தக் கடலை வடகடல் என்கிறார்கள். பாக் விரிகுடா ஆழமற்றது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடலாகிய மன்னார் வளைகுடா குமுறிக்கொண்டிருக்க, இது குளத்தைப்போலக் கிடக்கும். அடியில் கடற்புல் பரந்த திட்டுகளும், அவற்றின் ஓரமாக மேய வரும் சிறுமீன்களும், அவற்றைத் துரத்தி வரும் பாரையும் சீலாவும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகுகளுக்கு இல்லை. ஆகவே அந்நாள்களில் கரையோரம் மிகவும் அமைதியாக இருக்கும்.

மெல்லிய தூண்டிலின் இன்பம் என்ன என்று மகன் எனக்கு விளக்கினான். நான்கைந்து கிலோ எடையை மட்டுமே தாங்கும் நூலில் மூன்று கிலோப் பாரை மாட்டினால், அதை அப்படியே இழுக்க முடியாது. இழுத்தால் நூல் அறுந்துவிடும். ரீலின் இழுவைத் திருகைத் தளர்த்தி, மீனை ஓடவிட்டு, களைத்தபோது சுற்றி, மறுபடி ஓடவிட்டு, பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த ஓட்டம் உள்ளங்கைக்குள் துடிக்கும். உண்மைதான், அவன் ராடை என் கையில் தந்தபோது நானும் அதை உணர்ந்தேன். கடைசியில் மீனைப் படகருகே கொண்டுவந்து, ஒரு படம் எடுத்து, திரும்பவும் நீரிலேயே விட்டுவிடுகிறான். “விட்டுட்டா நல்லதுதானே, அத்தா? ஒரு உயிரைக் காப்பாத்துற மாதிரி!”

படகின் பின்புறம் சுக்கான் பிடித்திருந்த மனைவியின் சாச்சா எதுவும் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது மரக்கட்டையில் சுற்றிய தடித்த நரம்பும், ஈயக்குண்டும், ஒரு முள்ளும்தான். அதில் மாட்டும் மீனை அவர் அரை நிமிடத்தில் படகுக்குள் போட்டுவிடுவார். சற்று நேரம் கழித்து என்னிடம் மட்டும் கேட்டார்: “மாப்புள, திங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அப்ப அத எதுக்கு அவ்வளவு நேரம் இழுக்கணும்?”

அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினேன்.

கடலில் வேட்டையாடுவது நமக்கு ஹலால். இதில் எவருக்கும் ஐயம் இல்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையையும் அதன் உணவையும் நமக்கும் பயணிகளுக்கும் பயனாக அனுமதிக்கிறது. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி பலரும் பயான்களில் கேட்டதுதான்: அபூ உபைதா (ரலி) தலைமையில் கடலோரம் சென்ற முந்நூறு பேர், பேரீச்சம்பழமும் தீர்ந்து இலைதழைகளை உண்ணும் நிலையில் இருந்தபோது, அலை ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. அவர்கள் நாள்கணக்கில் உண்டார்கள். மதீனா திரும்பியபின் நபிகள் நாயகமும் (ஸல்) அதிலிருந்து கேட்டு வாங்கி உண்டார்கள். பயன், உணவு, பயணி, பசி: அனுமதியைச் சுற்றி வரும் சொற்கள் இவைதாம்.

மறுபுறம், உயிருள்ள ஒன்றை விளையாட்டு இலக்காக்குவதை நபியவர்கள் கண்டித்துள்ளார்கள். பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய குறைஷி இளைஞர்களை இப்னு உமர் (ரலி) கண்டித்ததும் அந்த அடிப்படையில்தான். நம் ஹனஃபி ஃபிக்ஹு நூல்களும் வேட்டையை ஆகுமாக்கிவிட்டு, வெறும் கேளிக்கைக்கானதைத் தனியே பிரித்து வெறுக்கின்றன. மீனை அறுக்க வேண்டியதில்லை என்பது அதற்குத் தரப்பட்ட சலுகையன்று. நமக்குத் தரப்பட்ட இலகு. அறுக்கும் பிராணிக்குக்கூடக் கத்தியைத் தீட்டி வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கத்தில், அறுக்கத் தேவையில்லாத பிராணியின் வேதனையை நீட்டுவதற்கு அனுமதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாச்சாவின் கேள்விக்கு மீனின் உடலும் ஒரு பதில் வைத்திருக்கிறது. நீண்ட நேரம் போராடும் மீனின் தசைகளில் அமிலம் சேர்கிறது. அது நம் கால்களில் ஓடிக் களைத்தபின் ஏற்படும் எரிச்சலைப் போன்றது. அப்படிக் களைத்த மீனைப் படத்துக்காகக் காற்றில் தூக்கிப் பிடிப்பது, ஓடி முடித்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துவதற்குச் சமம். உலர்ந்த கையால் பிடித்தால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் உரிந்துவிடும். நீந்திப் போவதுபோலத் தெரியும் மீன் சில மணி நேரத்தில் இறந்துபோவதும், களைப்பிலேயே பெருமீனுக்கு இரையாவதும் உண்டு. விடுவது எப்போதும் காப்பாற்றுவதாகாது. நூல் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு நீளம் அந்தப் போராட்டம். விளையாட்டின் சுவையும் மீனின் துன்பமும் ஒரே நூலில்தான் இருக்கின்றன.

இது நமக்கு மட்டும் எழுந்த கேள்வியும் அன்று. சுவிட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்புச் சட்டவிதிகள், திரும்ப விடும் நோக்கத்துடனேயே தூண்டில் போடுவதைத் தடை செய்கின்றன. உண்ணும் எண்ணத்தோடு பிடி, அல்லது பிடிக்காதே என்பதே அதன் கருத்து. இதை மகனிடம் சொன்னபோது, பெரியவர் கேட்டதையே வெளிநாட்டுச் சட்டமும் கேட்கிறது என்பதில் அவனுக்கு வியப்பு. எனக்கு, அவர் சொன்னபோதே அவன் கேட்டிருக்கலாமே என்ற சிறு வருத்தம்.

ஆனால் அந்த ரப்பர் இரையை நான் குறை சொல்ல மாட்டேன். உயிருள்ள புழுவையோ குஞ்சுமீனையோ முள்ளில் கோப்பதை ஆலிம்கள் பலர் வெறுக்கிறார்கள். அந்த வகையில், கைத்தூண்டிலில் உயிர் இரை கோப்பவரைவிட என் மகனே மேல். சாச்சாவிடம் இதையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார்.

வீட்டில் வேறொரு வேடிக்கையும் நடந்தது. அவர்கள் ஷாஃபி மத்ஹபினர்; நண்டும் கணவாயும் அவர்கள் சஹனில் தாராளமாக இருக்கும். ராவுத்தர் வீட்டு ஹனஃபிகளாகிய நாங்கள் மீனோடு நிறுத்திக்கொள்கிறோம். மாமியார் ஒவ்வொரு முறையும் எங்களுக்கென்று தனிச் சட்டியில் மீன் ஆணம் வைப்பார். ஒவ்வொரு முறையும் என் மகன் நண்டுச் சட்டியை ஏக்கத்தோடு பார்ப்பான். தனிச் சட்டி வைப்பதில் உள்ள அந்த மரியாதைக்காகவே நான் இரண்டு கவளம் கூடுதலாக உண்பேன்.

ஒரு நாள் இரவு, இஷாவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து மூவரும் பேசி முடித்தார்கள். மச்சினன் ரீலிலிருந்த நூலை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு தடித்ததைச் சுற்றினார். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டார். சிறுமீன் மாட்டினால் நீரிலேயே கழற்றி விடலாம். உண்ணத்தக்க மீன் வந்தால் மண்டையில் உடனே ஒரு தட்டு, பிறகு பனிக்கட்டிப் பெட்டி. படகின் அடித்தளத்தில் துடிக்க விடுவதில்லை. மகன் கொஞ்சம் முணுமுணுத்தான். தடித்த நூலில் அந்த ஓட்டம் பாதிகூட இல்லையாம். எத்தனை மீன் என்பதைக் கரையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது மாமியார் சேர்த்த நிபந்தனை.

இப்போது ஊரில் அவனுக்கு மஞ்சளாறு அணை நினைப்பு. அங்கே மீன்குஞ்சு விட்டு வளர்ப்பதும் பிடிப்பதும் முறையான ஏற்பாட்டில் நடப்பவை. கட்லாவும் ரோகும் இன்னொருவர் உழைப்பில் வளர்ந்தவை. உரிமை பெற்றவரிடம் போய்க் கேள், அவர் சம்மதித்தால் வீசு என்றேன். கேட்டிருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை. ராடு கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது.