விரலுக்குத் தெரியும் மைக்ரான்

ஆந்தீஸ் மலையில் உரோமத்துக்காக வளர்க்கப்படும் அல்பாக்கா பெரும்பாலும் முற்பகலில்தான் ஈனும். அது வாழ்வது 4,000 மீட்டருக்கு மேலே, மழைக்காலத்திலும் இரவில் உறைபனி படியும் மலைவெளியில். ஈரத்தோடு விழும் குட்டி பொழுது சாய்வதற்குள் உலர்ந்து, எழுந்து நின்று, பால் குடித்துவிட வேண்டும். பசுவைப்போல நக்கித் துவட்டும் வழக்கம் இந்தத் தாய்க்குக் கிடையாது; வெயிலும் காற்றும்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். பிற்பகலில் மேகம் திரண்டு ஆலங்கட்டி இறங்கிவிட்டால், பதினோரு மாதத்துக்கும் மேலாகச் சுமந்த ஒற்றைக் குட்டி விடிவதற்குள் விறைத்துப்போகும்.

டிசம்பரில் நான் போயிருந்தபோது, தெற்குப் பெருவின் கய்யோமா மாகாணத்தில் ஈற்றுக்காலம் தொடங்கியிருந்தது. மயிர் கத்தரிப்பும் இன்னும் முடியவில்லை. அரேகிபா நகரத்திலிருந்து என்னை அழைத்துப்போன இளம் கால்நடை மருத்துவர் கெச்சுவா மொழி பேசுபவர். சாலையோரம் விக்குன்யாக் கூட்டங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அல்பாக்காவின் காட்டு மூதாதை அதுதான். ஆந்தீஸ் மக்கள் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பழக்கத் தொடங்கிவிட்டார்கள். வண்டி ஏற ஏற மரங்கள் நின்றுபோயின. பிறகு பயிர்களும் நின்றுபோயின. மஞ்சள் பாரித்த இச்சுப் புல்லும் கல்லும் மட்டும் மிச்சம். அங்கே உழுது பிழைக்க முடியாது. மேய்த்துத்தான் பிழைக்க வேண்டும்.

நாங்கள் தங்கியது கல் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த ஒரு பட்டி வீட்டில். அதன் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய அம்மா. மருத்துவர் அவரை 'மமாய்' என்றார். நானும் அப்படியே அழைத்தேன். மூச்சு வாங்கி உட்கார்ந்த எனக்குக் கோகா இலை போட்ட வெந்நீரைக் கொடுத்துவிட்டு, அவர் மந்தையைப் பார்க்கப் போய்விட்டார்.

மலை இடுக்குகளில் பனிநீரும் ஊற்றுநீரும் கசிந்து பரவிய பசுஞ்சதுப்புகள் இருக்கின்றன. அல்பாக்காவுக்கு உயிர்நிலம் இவைதான். அதற்குக் குளம்பு கிடையாது, மெத்தென்ற பாதம். சதுப்பைக் கிழிக்காமல் நடக்கும். வேரோடு பிடுங்காமல், கீழ்ப்பற்களால் புல்லை நறுக்கித் தின்னும். சதுப்பு வற்றினால் முதலில் அடிபடுவது இழைதான். பசியோடு கடந்த வாரங்களில் வளர்ந்த பகுதி மெலிந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆலையில் சீப்புப் பற்கள் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் அறும். மறுபுறம், கொழுத்த தீனியும் இழையைத் தடிக்க வைக்கும். வயது ஏறினாலும் தடிக்கும். அளவான மேய்ச்சல், அந்தந்த மாதத்தில் எந்தச் சதுப்பை எத்தனை நாள் விடுவது என்ற கணக்கு, நோய் வராமல் பட்டியை இடம் மாற்றுவது எல்லாம் சேர்ந்துதான் நூலின் முதல் தரம் உருவாகிறது. இந்தக் கணக்கு முழுவதும் மமாயின் தலைக்குள் இருந்தது.

மறுநாள் கத்தரிப்பைப் பார்த்தேன். பக்கத்துப் பட்டிகளிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். இன்று இங்கே, நாளை அங்கே என்று முறை வைத்துச் செய்வார்கள், கூலி கிடையாது. வெட்டவெளியில் தார்ப்பாய் விரித்து, அதைத் துடைப்பத்தால் கூட்டினார்கள். ஒவ்வொரு மிருகத்தைக் கத்தரித்து முடித்தபிறகும் திரும்பக் கூட்டினார்கள். காய்ந்த புல் ஒன்று உரோமத்தில் சிக்கினால், அது துணிவரைக்கும் கூடவே வரும். முன்கால்களை ஒரு கயிற்றிலும் பின்கால்களை இன்னொன்றிலும் இழுத்துக் கட்டி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் கத்தரியோடு குனிந்தார்கள். மிருகம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே கிடந்தது.

கத்தரி படுவதற்கு முன் மமாய் செய்ததை என்னால் மறக்க முடியாது. விலாவின் நடுவில் இரு கைகளையும் வைத்து உரோமத்தை வகிடு எடுப்பதுபோலப் பிளந்தார். வெளியே புழுதி படிந்து சாம்பல் நிறமாக இருந்தது. உள்ளே தோலை ஒட்டிப் பளபளவென்று, மெல்லிய நெளிவுகளோடு வெண்மை. ஒரு கொத்தை உருவி எடுத்தார். இரு முனைகளையும் பிடித்து, காதருகே கொண்டுபோய்ச் சுண்டி இழுத்தார். தெறிக்கும் ஓசை சுத்தமாக வந்தால் இழை உறுதி. நெறுநெறுவென்று சத்தம் வந்தால் எங்கோ பலவீனம். என் காதருகேயும் இழுத்துக் காட்டினார். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிய நான்கைந்து கொத்துகள் ஆயின.

முதுகையும் விலாவையும் மூடியிருக்கும் பகுதி ஒரே போர்வையாக இறங்கும். அதைத் தனியாகச் சுருட்டுவார்கள். வயிறு, கால் மயிர் முரடு. அது வேறு மூட்டைக்கு. இரண்டையும் கலந்துவிட்டால் போர்வைக்குப் பட்ட பாடு வீண். ஒரு மிருகத்திடம் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ கிடைக்கும்.

இத்தனை கவனமும் விற்பனையில் காணாமல் போகிறது. இங்கே வந்தபிறகு எனக்குக் கோபம் மூட்டியது இந்த விஷயம்தான். பட்டி பட்டியாக வரும் வியாபாரி தராசைத் தொங்கவிட்டு, நைசும் முரடும் பாராமல் மொத்தமாக எடைபோட்டு வாங்குகிறார். ஸ்பானிய மொழியில் இதற்கு 'அல் பர்ரேர்' என்று பெயர். எடைக்குத்தான் காசு என்றால் எந்த மிருகம் லாபம்? தடித்த இழையுள்ள மிருகம். அதன் உரோமம்தான் கனக்கும். ஐந்து தலைமுறையாக நைசான கிடாவைத் தேர்ந்து சேர்த்த குடும்பத்தைவிட, எதையும் பார்க்காமல் பெருக்கியவருக்குக் கூடுதல் காசு. மந்தைகள் முரடாகிக்கொண்டே போவதற்கு மேய்ப்பர்களின் அறியாமையைக் காரணம் சொல்லும் அதிகாரிகள் உண்டு. அந்தத் தராசை அவர்கள் ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும்.

அறியாமை இல்லை என்பதற்கு மண்ணுக்கடியிலேயே சாட்சி இருக்கிறது. தெற்குப் பெருவிலேயே, மொக்கேகுவா பகுதியின் எல் யாரல் என்ற இடத்தில், வீட்டுத் தரைக்குக் கீழே பலியிட்டுப் புதைக்கப்பட்ட அல்பாக்காக்களும் அவற்றின் உறவினமான லாமாக்களும் பாலைநிலத்தின் வறட்சியில் உலர்ந்து அப்படியே கிடைத்தன. 900, 1,000 ஆண்டு பழமையானவை. ஆய்வாளர் ஜேன் வீலர் அவற்றின் உரோமத்தை அளந்தபோது, இன்றைய மந்தைகளில் பரவலாகக் காணப்படுவதைவிட நைசாகவும், உடம்பு முழுவதும் சீராகவும் இருந்தது தெரியவந்தது. இன்காக்களுக்கு முந்திய மேய்ப்பர்களின் சாதனை அது. ஸ்பானியர்கள் ஆட்டையும் மாட்டையும் கொண்டுவந்து பள்ளத்து மேய்ச்சலைப் பிடித்துக்கொண்டார்கள். அல்பாக்கா குன்றி, மேட்டுக்குத் துரத்தப்பட்டது. யாரை யாரோடு சேர்ப்பது என்ற நுட்பம் சிதறியது. லாமாவோடு கலப்பும் நடந்தது.

அடுத்த இழப்பு நிறத்தில். 1836-இல் டைட்டஸ் சால்ட் என்ற பிராட்ஃபோர்டு ஆலைக்காரர் லிவர்பூல் கிடங்கில் தேங்கிக் கிடந்த அல்பாக்கா மூட்டைகளைப் பார்த்து வாங்கி, அதில் துணி நெய்து பெரும் செல்வம் சேர்த்தார். அதிலிருந்து ஐரோப்பிய ஆலைகளின் தேவை பெருகியது. எந்தச் சாயமும் ஏறும் என்பதால் ஆலைகளுக்கு வெள்ளைதான் பிடித்தம். வெள்ளைக்குக் கூடுதல் விலை என்றதும் கறுப்பு, காப்பி, சாம்பல், செம்மை எல்லாம் மந்தைகளிலிருந்து மெல்ல ஒதுங்கின. இருபதுக்கும் மேற்பட்ட இயற்கை நிறங்கள் கொண்ட இனம் இது. மமாயின் மந்தையிலும் வெள்ளையே மிகுதி. ஆனால் கறுப்புக் கிடாக்கள் மூன்றை அவர் விடாமல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "சாயம் வெளுக்கும், இது வெளுக்காது" என்றார். அவருடைய கைப்பையில் பாதி நூற்ற கறுப்பு இழையும் தக்களியும் எப்போதும் இருக்கும். மேய்ச்சலுக்கு நடந்தபடியே நூற்பார். ஒற்றை இழையை ஒரு பக்கம் முறுக்கி, பிறகு இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நூல் சுருண்டு மடங்காது.

அரேகிபாவுக்குத் திரும்பியதும் தரம் பிரிக்கும் பெண்களைப் பார்க்கப் போனேன். பெரிய ஆலைகளில் இன்றும் இந்த வேலைக்கு இயந்திரம் இல்லை. மேசைமேல் ஒரு போர்வை உரோமத்தை விரித்து, விரல்களால் அளைந்து, கிழித்துக் கிழித்துக் கூடைகளில் எறிகிறார்கள். பெரு நாட்டுத் தர வரையறையில் இழையின் பருமன் 23 மைக்ரான் வரை இருந்தால் 'பேபி'. அதற்கு மேல் 26.5 வரை 'ஃப்ளீஸ்', 31.5-ஐத் தாண்டினால் முரடு. தலைமுடி ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு பருமனில் ஓரிரு மைக்ரான் வித்தியாசத்தை இந்த விரல்கள் பிரிக்கின்றன. கடைகளில் 'பேபி அல்பாக்கா' என்று விற்கும் நூல் குட்டியின் மயிர் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். வளர்ந்த மிருகத்தின் விலாவிலிருந்தும் அது வரலாம், அளவுதான் கணக்கு. ஒரே போர்வையிலிருந்து நான்கு கூடைகளுக்குப் பங்கு போனதை நான் பார்த்தேன். இந்த மேசையில் ஒரு முரட்டுக் கொத்து தப்பித்துப் போனால், கழுவி, வாரி, சீவி, நூற்று முடித்தபிறகும் அது கழுத்தில் குத்தும். பின்னால் ஓடும் எந்த இயந்திரமும் அதை மீட்டுத் தராது.

முப்பது ஆண்டுகளாக அந்த மேசையில் நிற்கும் ஒருவரிடம், நான் கொண்டுபோயிருந்த மமாயின் கறுப்புக் கொத்துகள் மூன்றையும் கொடுத்தேன். இப்போது மேட்டுநிலத்துப் பட்டிகள் சில ஒன்றுகூடித் தாங்களே தரம் பிரித்து, தரத்துக்கு ஒரு விலை என்று பேசி விற்கத் தொடங்கியிருக்கின்றன. மமாயின் குழுவும் அதில் ஒன்று. கறுப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒவ்வொரு கொத்தையும் பிரித்துப் பார்த்தார். முதல் இரண்டும் நைஸ், நல்ல நீளம் என்றார். மூன்றாவதிலிருந்து ஒரு வெள்ளை மயிரை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பில் வெள்ளை கலந்தால் நூல் முழுக்கத் தெரியும். அந்தக் கிடாவைச் சேர்க்கை விட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். தனி நிறத்தை ஆலை எடுக்க வேண்டுமானால் ஒரு பொதிக்காவது சேர வேண்டும் என்பதும் அவர் சொன்ன தகவல்.

மருத்துவர் அன்று மாலையே மமாயைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். வெள்ளை மயிர் விஷயத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்தது. அந்தக் கிடாவுக்குப் போன மாதமே காயடித்தாகிவிட்டதாம். மற்ற இரண்டையும் இரவலாகப் பக்கத்துப் பட்டிகளுக்கு அனுப்பியிருக்கிறாராம், அங்கேயும் கறுப்பு விழட்டும் என்று. ஒரு பொதிக்கு எத்தனை கிலோ என்பதை மட்டும் சரியாகக் கேட்டுச் சொல்லச் சொன்னார்.